மீனின் அச்சமும் குருதிச் சர்க்கரையும்



பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஆயக்குடி என்னும் எங்கள் ஊர். கொய்யாப் பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. விடியற்காலையில் எங்கள் சந்தைக்கு வந்தீர்களாயின், கூடை கூடையாகக் கொய்யா வந்து இறங்குவதையும், வெயில் ஏறுவதற்குள் அவை விலையாகி வெளியூர்களுக்குப் புறப்படுவதையும் காணலாம். கொய்யா விளையும் ஊரிலிருந்து வந்த ஆசிரியர் மீனைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. கொய்யாத் தோப்பு ஒன்றில் நிகழ்ந்த மீன் சாவே இன்றைய பேச்சுக்கு வித்து.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தம் தோப்பின் மூலையில் பண்ணைக்குட்டை ஒன்றை வெட்டியிருந்தார். மழை நீர் நிறைந்த அக்குட்டையில் மீன் வளர்த்தால் இரண்டாவது வருமானம் கிடைக்குமே என்று எண்ணி, கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகளின் குஞ்சுகளை விலைக்கு வாங்கி வந்தார். விரல் நீளம் வளர்ந்த இக்குஞ்சுகளை விரலிகள் என்று அழைப்பது வழக்கம். பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பைகளில் அவை ஐந்து மணி நேரம் வண்டியில் குலுங்கி வந்து, நண்பகல் வெயிலில் தோப்பை அடைந்தன. பைகளைப் பிரித்தபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் உயிரோடு இருந்தன. ஆயினும், விற்றவர் எண்ணிக்கையில் குறைத்திருப்பாரோ என்னும் ஐயம் பெரியவருக்கு எழுந்தது. விரலிகளை ஆழமற்ற தொட்டி ஒன்றில் கொட்டி, ஆட்கள் இருவரை வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து எண்ணிக் குட்டையில் விடச் செய்தார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் சில மீன்கள் செத்து மிதந்தன. ஐந்தாம் நாள் மேலும் பல மிதந்தன. ஏழாம் நாளுக்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. அடுத்த தோப்புக்காரருக்கும் பெரியவருக்கும் வரப்பு பற்றிய பழைய வழக்கு ஒன்று இருந்தது. எனவே, ‘இரவில் வந்து குட்டையில் மருந்தைக் கலந்துவிட்டான்’ என்ற பேச்சு கிளம்பியது. காவல் நிலையத்துக்குச் செல்லப் புறப்பட்டவரை, உறவினர் சிலர் தடுத்து என்னிடம் அழைத்து வந்தனர். நானோ, நன்றாக ஆராயாமல், ‘பூச்சி மருந்து கலந்திருக்கவும் கூடும், நீரைச் சோதித்துப் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று அச்சொல். முப்பது ஆண்டுக் காலம் அறிவியல் கற்பித்தவன் ஆராயாமல் சொன்ன அச்சொல்லை நினைத்து இன்றும் நாணுகின்றேன்.

அப்போது, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பெரியவரின் பேரன் ஒரு வினா எழுப்பினான். ‘ஐயா, மருந்து கலந்திருந்தால் குட்டையிலுள்ள தலைப்பிரட்டைகளும், மழையில் தாமாக வந்து சேர்ந்த சிறு கெண்டைகளும் செத்திருக்க வேண்டாவா? அவை நன்றாக நீந்திக்கொண்டிருக்கின்றனவே! செத்தவையெல்லாம் நாம் வாங்கி வந்தவை மட்டும்தானே?’ என்றான். நான் எழுந்து அவனோடு குட்டைக்குச் சென்றேன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. மேலும், செத்த மீன்களின் உடலில், செதில் உரிந்த இடங்களில், பஞ்சு போன்ற வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதாவது, கைபட்ட இடங்களில் படர்ந்திருந்தது. நஞ்சு என்பதற்கு அங்கே சான்று ஏதும் இல்லை. அப்படியாயின் அவற்றைக் கொன்றது எது? உயிரோடு வந்து சேர்ந்த மீன், நல்ல நீரில் விடப்பட்ட பின், மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் சாவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கியவன், மீனின் குருதியிலுள்ள சர்க்கரையில் வந்து நின்றேன். அங்ஙனம் நான் கற்றவற்றையே இப்பொழுது உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நம் வீடுகளில் இன்று சர்க்கரை என்றாலே நோயின் நினைவுதான் வருகின்றது. ஆனால், குருதியில் ஓடும் குளுகோஸ் என்னும் சர்க்கரை உயிருக்கு இன்றியமையாத எரிபொருள். மூளைக்கு அதுவே முதன்மையான உணவு. மீனுக்கும் அப்படியே. உண்ட உணவிலிருந்து கிடைக்கும் குளுகோசில் ஒரு பகுதியைக் கல்லீரல், கிளைகோஜன் என்னும் மாவுப் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கின்றது. உழவர் வீட்டில் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதைப் போன்றது இது. வேண்டும்பொழுது குதிரைத் திறந்து நெல்லை எடுப்பதைப் போல, கல்லீரல் கிளைகோஜனைச் சிதைத்துக் குளுகோசாக்கிக் குருதியில் விடுகின்றது. கல்லீரலுக்கு இத்தொழில் உண்டு என்பதைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட். 1857ஆம் ஆண்டில் அவர் கல்லீரலிலிருந்து கிளைகோஜனைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

தசைகளிலும் கிளைகோஜன் உண்டு. ஆயினும், அது தசையின் சொந்தச் செலவுக்கே உரியது. குளுகோசைத் தனியாகப் பிரித்துக் குருதிக்குக் கொடுப்பதற்கு வேண்டிய நொதி கல்லீரலில் இருக்கின்றது, தசையில் இல்லை. எனவே ஊருக்கெல்லாம் அளக்கும் பொதுக் களஞ்சியம் கல்லீரல் என்றும், தனக்கெனத் தசை வைத்திருப்பது கட்டுச்சோறு என்றும் கொள்ளலாம். இவ்வேறுபாட்டை மறவாதீர்கள், பின்னர் பயன்படும்.

இக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவி எது? 1911ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், தம் உடன் உழைப்பாளர்களோடு ஒரு செய்தியை வெளியிட்டார். நாயைக் கண்டு அஞ்சிய பூனையின் சிறுநீரில் சர்க்கரை தோன்றிற்று. அஞ்சாது அமைதியாக இருந்த பூனையிடம் அது தோன்றவில்லை. அச்சம் என்பது மனத்தில் நிகழ்வது. சர்க்கரையோ குருதியில் இருப்பது. இரண்டையும் இணைத்தது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. அதிலிருந்து வெளிப்படும் அட்ரீனலின் என்னும் ஹார்மோன், அதாவது இயக்குநீர், உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்துகின்றது. பின்னர் 1936ஆம் ஆண்டில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பார், குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு என்று நெருக்கடிகள் பலவாயினும் அவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையில் ஒரு பொது அமைப்பு உண்டு என்று அறிவித்தார். நெருக்கடியை ஆராயும் இயலுக்கு அதுவே தொடக்கமாயிற்று.

இவையெல்லாம் பூனையையும் எலியையும் பற்றியவை. மீனின் சிறுநீரகத்தின் மேல் அட்ரீனல் தொப்பி உண்டா? இல்லை. மீனை அறுத்துத் தேடினால் அப்படியோர் உறுப்பு அகப்படாது. ஆயினும் அவ்வுறுப்பின் தொழில் அங்கே இருக்கின்றது. மீனின் சிறுநீரகம் முதுகெலும்பை ஒட்டி நீண்டு கிடக்கும். அதன் முற்பகுதி, தலைக்கு அருகே இருப்பது, தலைச் சிறுநீரகம் எனப்படும். அங்கே பெரிய குருதி நாளங்களின் சுவரையொட்டி இருவகைச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. குரோமாபின் செல்கள் என்னும் ஒருவகை அட்ரீனலினையும் நார் அட்ரீனலினையும் சுரக்கின்றன. சிறுநீரக இடைச்செல்கள் என்னும் மற்றொரு வகை கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. நம் உடலில் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கடை, மீனின் உடலில் தெருவோரத்தில் பரவிய சந்தையாக நடக்கின்றது.

இனி, வலையில் சிக்கிய ஒரு கெண்டையை மனக்கண் முன் நிறுத்துங்கள்.

வலை உடலைத் தொட்ட கணத்திலேயே மூளையிலிருந்து நரம்புச் செய்தி குரோமாபின் செல்களுக்குப் பாய்கின்றது. அட்ரீனலின் குருதியில் கொட்டுகின்றது. நொடிகளில் நிகழ்வது இது. இதயம் விரைகின்றது, செவுள்களில் குருதி பெருகுகின்றது. அட்ரீனலின் கல்லீரலை அடைந்து, செல்லின் வெளிச்சுவரில் தனக்கென அமைந்த ஏற்பியில் பொருந்துகின்றது. அது செல்லுக்குள் நுழைவதில்லை. வாயிலில் நின்று மணியை அடிக்கின்றது; உள்ளே இருக்கும் ஏவலன் செய்தியைக் கொண்டு செல்கின்றான். அவ்வேவலனின் பெயர் சுழல் ஏஎம்பி. இதனைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞருக்கு 1971ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வேவலனின் தூண்டுதலால் கிளைகோஜனைச் சிதைக்கும் நொதி விழித்தெழுகின்றது, குதிர் திறக்கின்றது, குளுகோஸ் குருதியில் பாய்கின்றது.

இஃது ஒரு வழி. இரண்டாவது வழி சற்று மெதுவானது. ஆனால் நெடுநேரம் நிலைப்பது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகின்றது. பிட்யூட்டரி தன் இயக்குநீரைக் குருதியில் விடுகின்றது. அது தலைச் சிறுநீரகத்தை அடைந்து இடைச்செல்களைத் தூண்டுகின்றது. அவை கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. இச்சங்கிலி இயங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன; பல மீன்களில் அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் கார்ட்டிசால் உச்சத்தை எட்டுகின்றது. அமைதியாக இருக்கும் மீனின் ஒரு மில்லி லிட்டர் குருதி நீரில் கார்ட்டிசால் பெரும்பாலும் 10 நானோகிராமுக்கும் குறைவு. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நெருக்கடிக்கு உள்ளான மீனில் அது பல பத்துகளாகவும், சிலவற்றில் நூறுக்கு மேலாகவும் உயர்கின்றது. இத்துணைச் சிறு அளவு இத்துணைப் பெருஞ்செயலை ஆற்றுகின்றதே என்று எண்ணும்போது வியப்பே மிஞ்சுகின்றது.

கார்ட்டிசால் செயற்படும் முறை வேறு. அது வாயிலில் நிற்பதில்லை; செல்லுக்குள்ளேயே புகுந்து, அங்குள்ள ஏற்பியோடு இணைந்து, உட்கருவை அடைந்து, சில மரபணுக்களை இயங்கச் செய்கின்றது. அவற்றின் பயனாகப் புதிய நொதிகள் உருவாகின்றன. அந்நொதிகள் அமினோ அமிலங்களிலிருந்தும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் புதிதாகக் குளுகோசை ஆக்குகின்றன. அட்ரீனலின் குதிரைத் திறந்து விடுகின்றது. கார்ட்டிசாலோ, குதிர் வற்றும்போது அதனை நிரப்ப வேறு பொருள்களை அரைத்து மாவாக்க ஏற்பாடு செய்கின்றது. அப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன? தசைப் புரதம் சிதைந்து வருகின்றது. அதாவது, வீட்டின் உத்தரத்தைப் பிடுங்கி அடுப்பெரிக்கும் நிலை அது. ஒருநாள் குளிருக்கு அது காக்கும். நாள்தோறும் செய்தால் வீடு என்னாகும்?

இதனால்தான் நீடித்த நெருக்கடியில் வாழும் மீன், தீனி கிடைத்தும் வளர்வதில்லை. மேலும், அது தீனியையே குறைவாக உண்கின்றது. நெருக்கமாக மீன்களை அடைத்த குட்டையிலும், பிராணவாயு குறைந்த நீரிலும், அடிக்கடி வலையிட்டுக் கலக்கும் குட்டையிலும் வளர்ச்சி குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தி. குருதியில் ஏறிய சர்க்கரையை இறக்குவது இன்சுலின். மீனுக்கும் இன்சுலின் உண்டு. 1921ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டதை அறிவீர்கள். அதற்கு அடுத்த ஆண்டிலேயே மெக்லியாட் என்னும் அறிஞர், கனடாவின் கடற்கரை ஆய்வு நிலையம் ஒன்றில் மீன்களிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார். சில மீன்களில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தினின்றும் விலகித் தனியே அமைந்திருப்பது அவருக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும், சர்க்கரையைச் செலவிடுவதில் மீன்கள் பொதுவாக மந்தமானவை. அதிலும் டிரவுட் போன்ற ஊன் உண்ணும் மீன்களுக்குக் குளுகோசைக் கொடுத்தால், பல மணி நேரம், சிலவேளை ஒரு நாள் வரைகூட, குருதிச் சர்க்கரை இறங்காமல் நிற்கின்றது. நம் கெண்டைகள் மாவுப் பொருளை ஓரளவு நன்றாகவே கையாள்கின்றன. நெருக்கடிக் காலத்திலோ, அட்ரீனலினும் கார்ட்டிசாலும் இன்சுலினுக்கு எதிராக நிற்கின்றன. எனவே, ஏறிய சர்க்கரை எளிதில் இறங்குவதில்லை.

இப்பொழுது தசையின் பக்கம் திரும்புவோம். வலையில் துள்ளும் மீன் தன் வெண்தசையைப் பயன்படுத்துகின்றது. திடீர்ப் பாய்ச்சலுக்கு உரிய தசை அது. குருதியோட்டம் அதில் குறைவு. பிராணவாயு வந்து சேரும் வரை காத்திருக்க நேரமில்லாமையால், தன் கட்டுச்சோறாகிய கிளைகோஜனைப் பிராணவாயு இல்லாமலேயே சிதைக்கின்றது. அதனால் லாக்டிக் அமிலம் தேங்குகின்றது. சில நிமிடத் துள்ளலிலேயே தசையின் கிளைகோஜன் பெரும்பகுதி தீர்ந்துபோகும். அதனை மீண்டும் சேர்க்கப் பல மணி நேரம் ஆகின்றது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. டிரவுட் மீன்களில் நெருக்கடிக்குப் பின் கார்ட்டிசால் உயராதவாறு தடுத்தபோது, தசையின் கிளைகோஜன் விரைவாக மீண்டது. களைத்த மீனை அசையாத நீரில் விடுவதைவிட மெல்லிய நீரோட்டத்தில் மெதுவாக நீந்தவிட்டபோதும் கார்ட்டிசால் குறைந்தது; மீட்சியும் விரைவாயிற்று. ஓடிக் களைத்த விளையாட்டு வீரனைத் திடீரென்று உட்காரவிடாமல் மெல்ல நடக்கச் சொல்கிறாரே உடற்பயிற்சி ஆசிரியர், அதனை இங்கு நினைவு கொள்ளுங்கள்.

நெடுநேரம் துள்ளித் துடித்துச் சாகும் மீன் விரைவில் விறைத்துப்போவதற்கும் இதுவே காரணம். அதன் தசையில் ஆற்றலுக்குரிய பொருள் முன்னரே தீர்ந்துவிடுகின்றது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கோடைக் காலத்தில் நீர் வற்றும்போது ஊரார் கூடி ஊத்தாவும் வலையும் கொண்டு மீன் பிடிப்பார்கள். அன்று சேற்றில் விரட்டி விரட்டிப் பிடித்த மீன், வீடு வந்து சேர்வதற்குள் கட்டையாகிவிடுவதைச் சமையலறைத் தாய்மார்கள் நன்கறிவர்.

‘சர்க்கரை ஏறினால் ஏறட்டும், ஆற்றல்தானே கிடைக்கின்றது? அதனால் மீன் சாவானேன்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. சர்க்கரை ஏறுவது நோயன்று, அது தற்காப்பு. அந்த ஆற்றல் எங்கே செலவாகின்றது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நன்னீரில் வாழும் மீனின் குருதி, சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. எனவே செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே நுழைகின்றது. உப்பு ஓயாமல் வெளியே கசிகின்றது. மீன் தன் சிறுநீரகத்தால் நீரை இறைத்துக்கொண்டும், செவுளிலுள்ள தனிச் செல்களால் உப்பை மீட்டுக்கொண்டும் இருக்கின்றது. ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே துடுப்பும் வலிக்கும் படகோட்டியைப் போன்றது அதன் வாழ்க்கை. நெருக்கடியில் அட்ரீனலின் செவுள்களில் குருதியைப் பெருக்குகின்றது. மூச்சுக்கு அது நன்மை. ஆனால் ஓட்டை பெரிதாகின்றது. நீர் மிகுதியாக நுழைகின்றது. உப்பு மிகுதியாக வெளியேறுகின்றது. இழந்த உப்பை மீட்கவும் நீரை இறைக்கவும் மிகுந்த ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலுக்குக் குளுகோஸ் ஓர் எரிபொருள். உப்பை மீட்கும் செவுட் செல்களைப் பெருக்குவதும் அதே கார்ட்டிசால்தான். சர்க்கரையைக் கொடுப்பதும் அதுவே; அதனைச் செலவிட வேண்டிய உப்பு வேலையைத் தூண்டுவதும் அதுவே. ஒரே இயக்குநீர் இரு பணிகளையும் ஏற்பது மீனின் தனிச்சிறப்பு. நம் உடலில் உப்பைக் காக்க ஆல்டோஸ்டீரோன் என்னும் வேறோர் இயக்குநீர் உண்டு.

ஆனால் இவ்வளவு வேலைக்கும் இடையில் ஒரு துறை புறக்கணிக்கப்படுகின்றது. அது நோய் எதிர்ப்புத் துறை. கார்ட்டிசால் நெடுநேரம் உயர்ந்து நின்றால் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுகின்றது. போர்க்காலத்தில் அரண்மனைச் செல்வமெல்லாம் எல்லைக்குச் செல்ல, நகரக் காவல் தளர்வது போன்றது இது. செதில் உரிந்து, மேற்பூச்சாகிய வழுவழுப்பு நீங்கிய இடத்தில், நீரில் என்றும் இருக்கின்ற பூஞ்சை வந்து குடியேறுகின்றது. காவல் உள்ள காலத்தில் அண்டாத பகைவன், காவல் தளர்ந்த காலத்தில் கோட்டையைப் பிடிக்கின்றான்.

பெரியவரின் விரலிகள் மூன்றாம் நாள் சாகத் தொடங்கியது ஏன் என்பது இப்பொழுது விளங்குகின்றதன்றோ? அவை ஐந்து மணி நேரம் குலுங்கின. பையிலே கரியமில வாயுவும் அம்மோனியாவும் பெருகிய நீரில் இருந்தன. பின்னர் வெயிலில், ஆழமற்ற தொட்டியில் கொட்டப்பட்டன. ஒவ்வொன்றும் கையால் பிடிக்கப்பட்டுக் காற்றில் துடித்தது. இறுதியில், வெப்பம் வேறுபட்ட குட்டை நீரில் ஒரே வீச்சில் விழுந்தது. ஒரு நெருக்கடியிலிருந்து மீள்வதற்கு முன் அடுத்தது வந்தது. குதிரும் கட்டுச்சோறும் தீர்ந்தன, உப்பு வெளியேறிற்று, காவல் தளர்ந்தது, பூஞ்சை படர்ந்தது. குட்டையிலேயே இருந்த சிறு கெண்டைகளுக்கும் தலைப்பிரட்டைகளுக்கும் இத்துன்பம் எதுவும் நேரவில்லை, அவை பிழைத்தன. ஒவ்வொரு மீனையும் அறுத்துச் சோதித்து நான் இதனை நிறுவவில்லை. ஆயினும், கண்ட சான்றுகள் அனைத்துக்கும் பொருந்தும் விளக்கம் இதுவே. விற்றவர் மேல் கொண்ட ஐயம் விரலிகளை எண்ண வைத்தது. எண்ணியதே அவற்றுக்கு இறுதித் துன்பமாயிற்று. அச்சாவு பின்னர் அண்டை வீட்டார் மேல் ஐயமாக வளர்ந்தது.

இவ்விடத்தில் அறிவியலின் எச்சரிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். குருதிச் சர்க்கரை ஏறினால் மீன் நெருக்கடியில் உள்ளது என்று சொல்லலாம்; ஏறாவிட்டால் நெருக்கடி இல்லை என்று சொல்லலாகாது. நெடுநாள் பட்டினி கிடந்த மீனின் குதிர் காலியாக இருக்கலாம். அட்ரீனலின் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒன்றும் இராது. தீனி, பருவம், நீரின் வெப்பம், மீனின் இனம் ஆகியவற்றைப் பொறுத்தும் அளவு மாறும். கார்ட்டிசாலால் கல்லீரலின் கிளைகோஜன் குறைந்ததாகச் சில ஆய்வுகளும், கூடியதாகச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. 1999ஆம் ஆண்டில் தாமஸ் மாம்சன், மதிலகத் விஜயன், தாமஸ் மூன் ஆகிய மூவர், எலும்பு மீன்களில் கார்ட்டிசாலின் செயலைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தனர். அன்று முதல் இன்றுவரை இத்துறையில் தீராத வினாக்கள் பல உள்ளன. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பல்கலைக் கழகத்தில் பனையேறிக் கெண்டையைக் கொண்டு இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. உங்களுள் ஒருவர் நாளை இவ்வினாக்களுள் ஒன்றைத் தீர்க்கக்கூடும்.

இயக்குநீர் பற்றிய அறிவு நம் நாட்டு மீன் வளர்ப்புக்குப் புதியதன்று. 1957ஆம் ஆண்டில் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளைக் குட்டையில் முட்டையிடச் செய்தனர். அதன் பயனாகவே இன்று ஊர்தோறும் கெண்டைக் குஞ்சுகள் கிடைக்கின்றன. அவ்வெற்றியின் நினைவாக ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. மீனை முட்டையிடத் தூண்டும் அதே பிட்யூட்டரிதான், நெருக்கடியில் கார்ட்டிசாலைத் தூண்டும் கட்டளையையும் அனுப்புகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். 1952ஆம் ஆண்டில் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்னும் பெயரோடு இன்று நம் ஏரிகளிலும் அணைகளிலும் பரவியிருக்கின்றது. அது பல இன்னல்களைத் தாங்கும் மீன். கட்லாவோ அத்துணை வன்மையுடையதன்று; சற்றே முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் வாடிவிடும். எல்லா மீனும் ஒன்றே என்று கருதுவது தவறு.

இவ்வறிவால் உழவர்க்கு என்ன பயன்? மீன் பண்ணையார்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழக்கங்கள் சில உண்டு. குஞ்சுகளை அனுப்புவதற்கு முந்திய நாள், துணி வலைத் தொட்டிலில் தீனியின்றி வைத்திருப்பார்கள். குடல் காலியாவதால் பையில் நீர் அழுகாது. நெருக்கத்துக்கும் மீன் பழகும். பையின் நீரில் லிட்டருக்குச் சில கிராம் உப்பு இடுவார்கள். உப்பு வெளியேறுவது குறையும். அதை மீட்கச் செலவாகும் சர்க்கரையும் மிஞ்சும். வெயில் தாழ்ந்த வேளையில் கொண்டு வருவார்கள். பையைப் பிரிக்காமல் குட்டையிலேயே சிறிது நேரம் மிதக்க விடுவார்கள். இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்பு குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பையைச் சாய்த்து, மீன் தானே நீந்தி வெளியேற விடுவார்கள். காரணம் அறியாமல் செய்தபோது இவை வெறும் வழக்கங்கள். காரணம் அறிந்தபின் இவை அறிவியல். காரணம் அறிந்தவன், இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றிச் செய்யவும் வல்லவனாவான்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனை என்ற பெயரில் மீனை நீரைவிட்டு எடுத்துத் துடிக்க வைக்காதீர்கள். அமைதியாக இருக்கும் தொட்டியருகே அமர்ந்து, மீனின் செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகின்றது என்று எண்ணுங்கள். தொட்டியின் நீரை மாற்றிய நாளில், மாற்றிய உடனேயும், ஒரு மணி நேரம் கழித்தும் மீண்டும் எண்ணுங்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு துளிக் குருதியும் எடுக்காமலேயே, மீனின் கலக்கத்தையும் மீட்சியையும் நீங்கள் கண்ணால் காணலாம்.

அடுத்த மழைக் காலத்தில் பெரியவர் மீண்டும் விரலிகள் வாங்கினார். இம்முறை மாலையில் வந்தன, பைகள் குட்டையில் மிதந்தன, எவரும் எண்ணவில்லை. பைகளைப் பிடித்துச் சாய்த்தவர்களுள் அடுத்த தோப்புக்காரரும் ஒருவர். வரப்பு வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் மீன் வழக்கு தீர்ந்துவிட்டது. பெரும்பாலான மீன்கள் பிழைத்து வளர்ந்தன.

நான் அன்று செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக. குற்றம் யாருடையது என்று கேட்பதற்கு முன், நிகழ்ந்தது என்ன என்று கேளுங்கள். செத்தவற்றைப் பார்ப்பதோடு, பிழைத்தவற்றையும் பாருங்கள். தலைப்பிரட்டையைப் பார்த்த அச்சிறுவனின் கண், முப்பது ஆண்டு கற்பித்த என் கண்ணைவிட அன்று கூர்மையாக இருந்தது. அத்தகைய கண் உங்கள் அனைவருக்கும் வாய்க்க வேண்டும் என்று விரும்பி, இவ்வளவில் அமைகின்றேன்.